இல்லையென்று சொல்லாத மகராசன்

நம் ஊர்ப் பக்கம் ஒருவரை வாயாரப் புகழ வேண்டுமென்றால் ‘இல்லையென்று சொல்லாத மகராசன்’ என்பார்கள். வள்ளல்களுக்கென்று ஒதுக்கிவைத்திருந்த அந்தப் பட்டத்தை இந்திய அரசுக்குத் தயங்காமல் கொடுத்துவிடலாம். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பணம் கேட்டால் இல்லையென்று சொல்லாது. ஆஸ்பத்திரி கேட்டாலும் சொல்லாது. மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பானையோட்டுக்கு வயது கேட்டாலும், சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு ஒரு கையெழுத்துக் கேட்டாலும் சொல்லாது. பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லும். கருத்துக் கேட்டிருக்கிறோம் என்று சொல்லும். உரிய நேரத்தில் முடிவெடுக்கப்படும் என்று சொல்லும். கொடுக்க மட்டும் கொடுக்காது.

முடியாது என்று சொல்வதில் ஆட்சியாளர்களுக்கு ஒரு தொந்தரவு இருக்கிறது. அதற்கு ஒரு தேதி வேண்டும், கீழே ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நாலு பேர் நீதிமன்றம் போய்விடுவார்கள். தேர்தல் மேடையில் ஆட்டிக் காட்டுவார்கள். நிலுவைக்கு அப்படி அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. யார் நிறுத்திவைத்தது என்று கேட்டால், எங்கே நிறுத்தினோம், போய்க்கொண்டுதானே இருக்கிறது என்பார்கள். மளிகைக் கடைகளில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று ஒரு பலகை தொங்குமே, அதில் எழுதியிருப்பது பொய் இல்லை. எந்த நாளில் போய்ப் படித்தாலும் அது உண்மைதான். கடைக்காரர் சில்லறை விஷயத்துக்கு வைத்திருந்த அந்தத் தந்திரத்தைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் மாநில உரிமைக்கும் விரித்துப் போட்டதுதான் டெல்லியின் சாதனை.

மதுரை எய்ம்ஸ் கதையைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்திருக்கும். சலிக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் ஒரு பகுதிதான், அதனால் மறுபடியும் சொல்கிறேன். 2015 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம், பஞ்சாப், அசாம், ஜம்மு காஷ்மீர் ஆகிய ஐந்துக்கும் எய்ம்ஸ் அறிவித்தார். ஒரே பட்ஜெட், ஒரே மூச்சு. இமாச்சலின் பிலாஸ்பூரில் 2017 அக்டோபரில் அடிக்கல் நாட்டி 2022 அக்டோபரில் திறந்தார்கள். கவுகாத்தியில் 2023 ஏப்ரலில் திறந்தார்கள். ஜம்முவிலும் பட்டிண்டாவிலும் 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். நமக்கு எந்த ஊர் என்று முடிவெடுக்கவே 2018 ஜூன் ஆனது. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். மக்களவைத் தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லை. நாட்டிய கல் நாட்டிய இடத்திலேயே இருந்தது. 1,264 கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட திட்டம், ஒரு கட்டடம்கூட எழும்பாமலே 1,977 கோடியாக வளர்ந்தது. மதுரைக்கு மட்டும் ஜப்பானிடம் கடன் வாங்கித்தான் கட்டுவோம் என்றார்கள். அந்த ஒப்பந்தமே 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது.

2021 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டினார், இதுதான் எய்ம்ஸ் என்று. கூட்டம் கைதட்டியது. செங்கல் ஓட்டு வாங்கிக் கொடுத்தது. ஆஸ்பத்திரி வரவில்லை.

இதெல்லாம் சாதாரணத் தாமதம் என்று விட்டுவிடலாம். கலையாக உயர்ந்த தருணம் 2022 செப்டம்பரில் வந்தது. அப்போதைய பாஜக தேசியத் தலைவர் ஜே.பி. நட்டா மதுரைக்கு வந்து, எய்ம்ஸ் வேலை 95 சதவீதம் முடிந்துவிட்டது என்றார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சு. வெங்கடேசனும் மாணிக்கம் தாகூரும் எய்ம்ஸுக்கு ஒதுக்கிய தோப்பூருக்குப் போய் அந்த 95 சதவீதத்தைத் தேடினார்கள். பொட்டல் வெளியில் நின்று படமெடுத்துப் போட்டார்கள். பிறகு விளக்கம் வந்தது, கட்டுமானத்துக்கு முந்தைய ஆயத்தப் பணிகளில்தான் 95 சதவீதமாம். 2019இல் கல் நட்டபோது சுகாதார அமைச்சர் இதே நட்டாதான். 2024இல் மறுபடியும் அவரே சுகாதார அமைச்சர் ஆனார். இடையில் எந்தத் தேர்விலும் யாரும் அவரிடம் மீதி ஐந்து சதவீதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

2022இல் ஐம்பது மாணவர்களை மதுரை எய்ம்ஸில் சேர்த்தார்கள். வகுப்பு நடந்தது நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். எய்ம்ஸ் மாணவர் என்ற அடையாளம் அவர்களிடம் இருந்தது, எய்ம்ஸ்தான் இல்லை. இந்த ஆண்டுகளிலெல்லாம் தென்மாவட்டத்துக்காரர்களின் இதயமும் சிறுநீரகமும் பரிசீலனையில் இருக்கும் கோப்பின் மீது மரியாதை வைத்துக் காத்திருக்கவில்லை. அவை தம்பாட்டுக்குக் கெட்டன. கம்மலை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற குடும்பங்களுக்கு யாரும் எதையும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

உயிரோடு இருப்பவர்களையே இப்படி நடத்துகிறவர்கள் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் செத்தவர்களை எப்படி நடத்துவார்கள்? அதற்குக் கீழடி.

தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா 2014 முதல் 2016 வரை கீழடியில் இரண்டு கட்டமாகத் தோண்டினார். செங்கல் கட்டுமானம் கிடைத்தது, எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்தது, நகரமொன்றின் அடையாளம் கிடைத்தது. கண்டுபிடித்ததற்குப் பரிசாக 2017இல் அவருக்கு அசாமுக்கு மாறுதல் கிடைத்தது. அடுத்து வந்தவர் மூன்றாம் கட்டம் தோண்டி, கட்டுமானத்துக்குத் தொடர்ச்சி இல்லை என்று முடித்தார். 2018இல் மாநிலத் தொல்லியல் துறை இறங்கியதும் மண்ணுக்கு நினைவு திரும்பிவிட்டது. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. அவற்றில் சிலவற்றின் வயது கி.மு. ஆறாம் நூற்றாண்டைத் தொட்டது.

அமர்நாத் தன் இரண்டு கட்ட ஆய்வின் அறிக்கையை 982 பக்கங்களில் எழுதி 2023 ஜனவரி 30 அன்று கொடுத்தார். 2025 மே 21 அன்று அது திரும்பி வந்தது, திருத்தி எழுதச் சொல்லி. இடையில் 842 நாட்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒரு பக்கமும் அடுத்த பக்கத்தில் சில வரிகளும் படித்திருக்கிறார்கள். அவ்வளவு கவனமாகப் படித்துவிட்டு, இரண்டு வல்லுநர்கள் சொன்னார்கள் என்று சொல்லி நூற்றாண்டுக் கணக்கில் பேரம் பேசினார்கள். கி.மு. எட்டாம் நூற்றாண்டு மிக அதிகமாம், வேண்டுமானால் கி.மு. 300க்கு முன் என்று வைத்துக்கொள்ளலாமாம். அந்த மனிதர் குறைக்க மாட்டேன் என்று பதில் எழுதினார். அடுத்த மாதமே, ஜூன் 17 அன்று, இன்னொரு மாறுதல் உத்தரவு. கீழடியில் எதற்கு வேண்டுமானாலும் தொடர்ச்சி இல்லை என்று சொல்லுங்கள், மாறுதல் உத்தரவுக்கு மட்டும் தொடர்ச்சி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

இதற்கு நடுவில் பண்பாட்டு அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத் சென்னைக்கு வந்து, அறிவியல்பூர்வமான ஆதாரம் போதாது, இன்னும் ஆய்வுகள் வேண்டும் என்றார். அறிவியல் மீது இந்த அரசுக்கு இவ்வளவு கண்டிப்பா என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. விநாயகருக்கு நடந்தது பிளாஸ்டிக் சர்ஜரி என்று மருத்துவர்கள் நிறைந்த மேடையில் 2014இல் பிரதமரே பேசியபோது எந்த இரண்டு வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டார்கள் என்று தெரியவில்லை. கரியைச் சோதித்துக் காலம் சொன்னால் போதாது. சோதிக்க எதுவுமே இல்லாவிட்டால் போதும்.

கீழடிக்கு மட்டும் நேர்ந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2004-05இல் ஆதிச்சநல்லூரில் தோண்டியதற்கு அறிக்கை வர ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு ஆனது, அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. அங்கே தாழிக்குள் இருந்தவர்கள் பொறுமைசாலிகள். அவர்களுக்குப் பென்ஷன் கேட்டு வரும் வாரிசு இல்லை.

தமிழின் தொன்மை என்றால் டெல்லிக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேடையில் மிகவும் பிடிக்கும். திருக்குறளை மேற்கோள் காட்டாத பேச்சு உண்டா? காசியில் தமிழ்ச் சங்கமம் நடத்துகிறார்கள், சிறப்பு ரயில் விடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் அதன் மூன்றாம் பதிப்புக்கு வாரணாசி வந்த கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான், அங்கே வைத்துத்தான் சொன்னார், தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்காதவரை தமிழ்நாட்டுக்குச் சமக்ர சிக்ஷா பணம் கிடையாது என்று. தமிழுக்குக் கங்கைக் கரையில் ஆரத்தி, தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பட்டை நாமம். இரண்டையும் ஒரே பயணப்படியில் முடித்துக்கொண்டார். சிக்கனமான மனிதர்.

அந்தப் பணம் 2,152 கோடி ரூபாய். 2024-25ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய 60 சதவீதப் பங்கு. அது யாருடைய தயவுமல்ல, இங்கிருந்து போன வரியும் அதில் இருக்கிறது. அதிலிருந்துதான் ஆசிரியர்களின் சம்பளம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர், தூரத்துக் கிராமத்துப் பிள்ளை பள்ளி வந்துபோகும் செலவு எல்லாம் போக வேண்டும். தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில், பாதிக்கப்படும் மாணவர்கள் 43 லட்சத்துக்கும் மேல் என்று சொல்லியிருக்கிறது. பிரதானைக் கேட்டால் பணத்தை நிறுத்தவில்லை என்பார். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. கல்விக் கொள்கை சொல்லும் மும்மொழியா, அதெல்லாம் திணிப்பே இல்லை, நீங்களாக விரும்பி ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ளும்வரை நடைபயிற்சிக் கருவி வாங்கக்கூட மாற்றுத்திறன் குழந்தைக்குப் பணம் வராது, அவ்வளவுதான். 2025 மார்ச்சில் மக்களவையில் இதைக் கேட்ட தமிழ்நாட்டு உறுப்பினர்களை அவர் நாகரிகமற்றவர்கள் என்றார். பிறகு அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சொல்லைத் திரும்பப் பெற ஒரு நாள்கூட ஆகவில்லை. பணத்துக்குத்தான் நேரமில்லை.

ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2014 முதல் 2025 வரையான காலத்தில் சமஸ்கிருத வளர்ச்சிக்கு ஒன்றிய அரசு செலவிட்டது 2,532 கோடி ரூபாய். அதே காலத்தில் தமிழுக்கு 113 கோடி. சமஸ்கிருதம் வளரட்டும், எனக்கு அதோடு வழக்கு இல்லை. காளிதாசனை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கோப்பு எந்த மேசையிலும் தூங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை.

இந்தச் சண்டையின் நடுவே கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை 2025இல் நின்றுபோனது. ஒன்றியம் பணம் தரவில்லை, அதனால் நாங்கள் விண்ணப்பம் வாங்கவில்லை என்றது மாநிலம். அந்தப் பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் சொன்னது. சேர்க்கை தொடங்கியது அக்டோபரில். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு எல்.கே.ஜி. சேர்க்கை நடத்திய பெருமை நமக்குத்தான். கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் அ, ஆ முடித்துவிட்டிருந்தார்கள். முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஐந்து மாதம் திரும்ப வரப்போவதில்லை. கோப்புக்கு வயது ஏறாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏறும். இந்த ஒரு விஷயம் டெல்லியிலும் தெரியும், கோட்டையிலும் தெரியும். தெரிந்துதான் செய்கிறார்கள்.

ஆளுநர் பக்கம் வராமல் போனால் ஆர்.என். ரவி வருத்தப்படுவார். 2020 முதல் ராஜ்பவனில் சேர்ந்து கிடந்த மசோதாக்கள் அவர் ஆளுநராக வந்த பிறகும் கிடந்தன. பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்ததும், மூன்றாம் நாளே பத்து மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். ஆண்டுக்கணக்கில் வராத சுறுசுறுப்பு! சட்டமன்றம் ஒரு வாரத்துக்குள் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. அரசியல் சாசனப்படி கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாத அந்த இடத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார், குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. மாநிலங்கள் பட்டாசு வெடித்தன. பட்டாசுக் குப்பையைப் பெருக்கி முடிப்பதற்குள் குடியரசுத் தலைவரிடமிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் பதினான்கு கேள்விகள் போயின. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். ஆளுநர் மசோதாவின் மீது காலவரையின்றி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆனால் எத்தனை நாளில் எழுந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் காலக்கெடு விதிக்கவும் கூடாது. உட்காரவும் கூடாது, எழுந்திருக்கச் சொல்லவும் கூடாது. ராஜ்பவன் நாற்காலிக்கு இதைவிட வசதியான மெத்தை யாரும் தைத்ததில்லை.

அந்த மசோதாக்களின் நிழலில் கோவை பாரதியார் பல்கலைக்கழகம் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலும் துணைவேந்தரை இழந்தன. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டு உலகப் போர்களைத் தாண்டிவந்தது. ஒரு தேடுதல் குழுவில் யுஜிசி ஆள் இருக்க வேண்டுமா கூடாதா என்ற சண்டையைத் தாண்ட முடியவில்லை.

எல்லா நிலுவைக்கும் தாய் நிலுவை ஒன்று உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1881 முதல் பத்தாண்டுக்கொரு முறை நடந்தது, வெள்ளைக்காரன் 1941இல் குண்டு விழும் காலத்திலும் எடுத்தான். 2021இல் எடுத்திருக்க வேண்டியதைக் கொரோனா என்று ஒத்திவைத்தார்கள். அதே 2021இல் வங்காளத்தில் எட்டுக் கட்டத் தேர்தலும் ஹரித்வாரில் கும்பமேளாவும் நடந்தன. தலையை எண்ணத்தான் தொற்று பயம், தலைகளைக் கூட்டுவதற்கு இல்லை. 2025 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டு, 2027 மார்ச் 1ஐக் கணக்கெடுப்பு நாளாக வைத்தார்கள். அதுவரை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2011 கணக்குத்தான். அதன்படி நாடு முழுக்க ஏறத்தாழ 81 கோடிப் பேருக்குத்தான் ரேஷன் அரிசி, கோதுமை. இதனால் பத்துக் கோடிப் பேருக்கு மேல் விடுபட்டுப் போனார்கள் என்று பொருளியலாளர்கள் ழான் த்ரேசும் ரீத்திகா கேராவும் 2020இலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். அவர்களை யாரும் பட்டினி போடவில்லை, எண்ணவில்லை, அவ்வளவுதான். பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடம் தரும் சட்டத்தையும் 2023 செப்டம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மேசையைத் தட்டி நிறைவேற்றி, கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று வாலில் ஒரு வரி சேர்த்தார்கள். 2024 தேர்தல் அது இல்லாமலே நடந்து முடிந்தது. சட்டம் நிறைவேறியதற்கு நன்றி சொல்லிக் கோலம் போட்ட பெண்களுக்கு யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

இதுவரை படித்துவிட்டுக் கோட்டைப் பக்கத்தில் சிலர் மேசையைத் தட்டுவது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள், உங்கள் வீட்டு அலமாரியும் திறந்துதான் கிடக்கிறது.

பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பற்றிக் குழு போட்டிருக்கிறோம் என்று 2024 மார்ச்சில் டெல்லிக்குக் கடிதம் எழுதியது நம் தலைமைச் செயலாளர்தான். நீட்டை ஒழிக்கும் ரகசியம் எங்களுக்குத் தெரியும் என்று 2021இல் திமுகவினர் ஊர் ஊராகச் சொன்னார்கள். 2021 செப்டம்பரில் மசோதா, ஆளுநர் திருப்பியதும் 2022 பிப்ரவரியில் மறுபடி மசோதா, 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் நிராகரித்த செய்தி. ரகசியம் மட்டும் கடைசிவரை ரகசியமாகவே காப்பாற்றப்பட்டது. அரசுப் பள்ளிகளில் 2012இல் ஐயாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்களை நிரந்தரமாக்குவோம் என்று தேர்தல் அறிக்கையில் 181ஆம் எண் போட்டு எழுதினார்கள். ஓவியமும் உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுக்கும் அந்த ஆசிரியர்கள் ஒவ்வொரு மே மாதமும் சம்பளமில்லாமல் அந்த எண்ணை எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். 2015இல் 7,700 ரூபாய்க்குச் சேர்த்த செவிலியர்களிடம் இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றது அதிமுக அரசு. கொரோனாவில் அவர்களுக்கு ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவினார்கள். 2025 டிசம்பரில் திமுக ஆட்சியில், நிரந்தரம் கேட்டு அதே செவிலியர் கூட்டம் சென்னையில் போராடியது, போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. எந்தக் கட்சி ஆண்டாலும் ‘கனிவுடன் பரிசீலிக்கப்படும்’ என்ற வரியில் ஒரு எழுத்துகூட மாறாது. இதைத்தான் ஆட்சியின் தொடர்ச்சி என்கிறார்கள் போலிருக்கிறது.

மாநில சுயாட்சிக்காகத் தொண்டை கிழியப் பேசும் கோட்டை, தனக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்ன செய்தது? சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 வரை கவுன்சிலரே கிடையாது. அது அதிமுக காலத்தில் தொடங்கிய நிலுவை. 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை உட்காரவைத்தது திமுக. பட்டியலினப் பெண்ணொருத்தி ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்காரவே எத்தனை ஊரில் ரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது! அந்த நாற்காலியை ஒரு அரசாணையில் வட்டார வளர்ச்சி அதிகாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். டெல்லி ஆளுநரை வைத்துச் செய்வதைக் கோட்டை தனி அலுவலரை வைத்துச் செய்தது. ஆளுநருக்காவது ஒரு மாளிகை இருக்கிறது, எதிர்த்து நின்று கோஷம் போட ஒரு வாசல் இருக்கிறது.

தூத்துக்குடியையும் சொல்லிவிடுகிறேன். 2018 மே 22இல் காற்றையும் நீரையும் கேட்டு ஊர்வலம் போனவர்களைச் சுட்டதில் பதின்மூன்று பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு விசாரித்து, பதினேழு காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சுட்டவரோ சுடச் சொன்னவரோ ஒருவர்கூட இந்தக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போகவில்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்தச் சாவுகளை வைத்து ஓட்டுக் கேட்டவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அறிக்கையை மிகுந்த மரியாதையோடு பெற்றுக்கொண்டார்கள். கீழடி அறிக்கைக்காவது திருத்தி எழுதச் சொல்லும் கௌரவம் கிடைத்தது. இதற்கு அதுவும் இல்லை.

நிலுவை என்பது அரசுக்கு மட்டுமே உரிய சொத்து என்பது நமக்குப் புரிந்திருக்க வேண்டும். 982 பக்கம் படிக்க 842 நாள் எடுத்துக்கொள்ளும் அரசு நீட் தேர்வு மையத்தின் கதவை ஒன்றரை மணிக்குச் சாத்திவிடும். 1.31க்கு ஓடிவரும் பெண்ணின் ஓராண்டு அந்தக் கம்பிக்கு வெளியே முடிந்துபோகும். உள்ளே போனவளின் கம்மலையும் துப்பட்டாவையும் கழற்றுவதற்கு அவர்களிடம் நேரம் இருக்கும். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டாக அரசு தலையை எண்ணாத நாட்டில், 2025 நவம்பர் 4 அன்று தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தக் கிளம்பியது. 2002இலோ 2005இலோ உன் பெயரோ உன் அப்பன் பெயரோ எந்த வாக்குச்சாவடிப் பட்டியலில் எந்த வரிசையில் இருந்தது என்று கண்டுபிடித்து எழுது, ஒரு மாதம் தருகிறேன் என்றது. வடகிழக்குப் பருவமழை வேறு. வீடு வீடாகப் படிவம் கொடுத்தவர்கள் யார்? சம்பளத்துக்கும் நிரந்தரத்துக்கும் காத்துக் கிடக்கும் அதே ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும்தான். பத்து நாள் கூடுதலாகக் கொடுத்ததே பெருந்தன்மை என்றார்கள். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சம் பெயர்களைக் காணோம். சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர் பெயரை எடுக்க வேண்டியதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் வாடகை ஏறியதால் வியாசர்பாடியிலிருந்து பெரும்பாக்கத்துக்கு விரட்டப்பட்டவரும் ‘இடம்பெயர்ந்தவர்’தான். அவர் தன் வாக்குரிமைக்கு ஆறாம் எண் படிவம் எழுதிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பீகாரில் நீக்கிய 65 லட்சம் பேரின் பெயரையும் காரணத்தையும் வெளியிட உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதுவரை, அதையெல்லாம் தனியாக வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை என்று வாதாடியது தேர்தல் ஆணையம். நமக்கு ஆதாரம் கேட்கிறவர்கள் தாங்கள் காட்ட வேண்டிய ஆதாரத்தைப் பரிசீலனையில் வைத்திருந்தார்கள்.

போன வாரம் எனக்கு ஒரு வரி நோட்டீஸ் வந்தது. ஏழு நாளில் பதில் சொல்லாவிட்டால் அபராதம், வட்டி, இன்னும் என்னென்னவோ. அரசின் மொழியிலேயே பதில் எழுதிவிட்டேன்.

‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. அது தொழில்நுட்ப ரீதியில் இன்னும் வலுவாக்கப்பட வேண்டும் என்று கருதுகிறேன். இரண்டு வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறேன், அவர்கள் பெயரைச் சொல்வதற்கில்லை. நோட்டீஸை நான் நிராகரிக்கவில்லை, ஒப்புதலை நிறுத்திவைத்திருக்கிறேன். இது தொடர்பாக எனக்குப் பதினான்கு சந்தேகங்கள் உள்ளன, தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். பதில் சொல்ல எனக்குக் காலக்கெடு விதிக்க இயலாது என்பதைத் தாழ்மையுடன் சுட்டிக்காட்டுகிறேன். என் வீட்டில் பேசும் மொழிகளைப் பற்றிய என் கொள்கையைத் தங்கள் துறை முழுமனதோடு ஏற்றுக் கையெழுத்திட்டால் பணத்தை விடுவிப்பது பற்றிப் பேசலாம். ஜப்பானில் கடன் கேட்டிருக்கிறேன். கட்ட முடியாதென்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

பின்குறிப்பு: வரி செலுத்தும் பணி 95 சதவீதம் முடிந்துவிட்டது.’